பூங்கோரைக்குப் பெயர் வைத்த கதை

மன்னார் வளைகுடாவில் சில ஆண்டுகளில் புரட்டாசி வாக்கில் கடல் பச்சையாகிவிடும். அலை அடித்தாலும் நிறம் கலையாது. இரண்டொரு நாளில் பாறையை ஒட்டி வாழும் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கத் தொடங்கும். 2008 அக்டோபரில் கீழக்கரைப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி இப்படி ஆயிற்று. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நீரை எடுத்துச் சோதித்துப் பதிவு செய்தார்கள். 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபம் பக்கத்துத் தீவுகளில் மறுபடியும் வந்தது. அந்த முறை நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகவும் இறங்கிப்போய், மீன்களோடு பவளமும் செத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை 2020-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தப் பச்சையை மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். அறிவியலில் அதன் பெயர் நாக்டிலூகா சின்டிலான்ஸ்.

வத்தலக்குண்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் ஊரைத் தொட்டு ஓடும் மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில் இறங்குகிறது. அந்த விரிகுடாவின் சூடை மீன்தான் நம்மூர்க் கடைகளில் பச்சையாகவும் கருவாடாகவும் விற்கிறது. சூடைக்கும் பூங்கோரைக்கும் உள்ள உறவை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ரா. ரகு பிரசாத். கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அப்போது மண்டபம் முகாமில் இருந்தது. பாக் விரிகுடாவில் நாக்டிலூகா பெருகும்போது சூடைத் தொழில் என்னாகிறது என்று அவர் எழுதிய கட்டுரை 1953-ல் வந்தது. தலைப்பிலேயே 'சூடை' என்ற தமிழ்ப் பெயரை அப்படியே போட்டிருந்தார்.

இது என்ன உயிர்? செடியா, விலங்கா, பாசியா? யாருடைய உறவு? கேட்க எளிய கேள்வி. பதில் கிடைக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் விஷயமே இருக்கிறது.

நாக்டிலூகா ஒரே ஒரு செல்தான். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் செல்: கால் மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளரும். கண்ணாடிக் குவளையில் கடல்நீரை மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிறமற்ற உருண்டைகள் மேலே மிதந்து வருவது தெரியும். உருண்டையில் ஓர் இடத்தில் பள்ளம். பள்ளத்திலிருந்து தடித்த உணர்கொம்பு ஒன்று நீளும். அதில் டயாட்டம் என்ற நுண்பாசி ஒட்டும், மீன் முட்டை ஒட்டும். ஒட்டியது வாய்க்குப் போகும். உள்ளே பெரும்பகுதி வெறும் திரவம். இரவில் அலைத்தால் நீல ஒளி விடும். இதைப் பார்த்தவர்கள் ஜெல்லி மீன் குடும்பம் என்று நினைத்ததில் வியப்பில்லை. அயர்லாந்து உடற்கூறியலாளர் ஜேம்ஸ் மக்கார்ட்னி 1810-ல் வைத்த பெயரே மெடூசா சின்டிலான்ஸ், அதாவது மின்னும் ஜெல்லி மீன். பிறகு ஒற்றைச் செல் என்று தெரிந்தது. எந்தக் கூட்டத்திலும் சேராததால் 1873-ல் ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் இதற்கென்றே சிஸ்டோஃபிளாஜெல்லேட்டா என்று தனிப் பிரிவு ஒன்றை வகுத்தார்.

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் வேறு பக்கத்தில் இருந்தன. இவையும் ஒற்றைச் செல் உயிர்கள். இன்று பெயரிடப்பட்டவை இரண்டாயிரத்துக்கு மேல். உடலைச் சுற்றி இடுப்பில் ஒரு வாய்க்கால், அதில் ஒரு கசையிழை. அதற்குக் குறுக்காக இறங்கும் இன்னொரு வாய்க்கால், அதில் இன்னொரு கசையிழை. இரண்டும் சேர்ந்து அசைவதால் உடல் சுழன்றுகொண்டே முன்னேறும். பலவற்றின் மேல் செல்லுலோஸ் தட்டுகளால் ஆன கவசம் இருக்கும். ஏறத்தாழ பாதி சூரிய ஒளியில் உணவு தயாரிப்பவை. மீதி பிறவற்றைப் பிடித்துத் தின்பவை. இரண்டையும் செய்பவையும் உண்டு. உட்கருவும் விசித்திரமானது. மற்ற உயிர்களில் செல் பிரியும் நேரத்தில் மட்டும் சுருண்டு திரளும் குரோமோசோம்கள் இவற்றில் எப்போதும் திரண்டே கிடக்கும். நுண்ணோக்கியில் உட்கரு முழுக்கக் கோடு கோடாகத் தெரியும்.

நாக்டிலூகா உருண்டையில் இடுப்பு வாய்க்கால் இல்லை. கவசம் இல்லை. கசையிழை இருந்தும் இல்லாத மாதிரி. உட்கருவிலும் அந்தத் திரண்ட குரோமோசோம்கள் இல்லை. வளர்ந்த உயிரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஹெக்கல் சொன்னதுதான் சரி.

தீர்ப்பை மாற்றியது அதன் பிள்ளைகள். சில நாக்டிலூகாக்கள் திடீரென்று தின்பதை நிறுத்தும், உணர்கொம்பை இழக்கும். உள்ளே உட்கரு இரண்டாகும், நான்காகும், எட்டாகும். பிரிந்த உட்கருக்கள் உருண்டையின் ஒரு பக்கத்து மேற்பரப்பில் வரிசை வரிசையாக அரும்பும். நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தைத் தாண்டியும், சிறு செல்கள் கழன்று நீந்திப் போகும். இந்தச் சிறுசுகளில் கசையிழை நன்றாக வேலை செய்கிறது. உடலில் வாய்க்கால் இருக்கிறது. உட்கருவைப் பார்த்தால் திரண்ட குரோமோசோம்கள் பளிச்சென்று நிற்கின்றன. வளர்ந்ததில் ஒரு தடயமும் இல்லாத டைனோஃபிளாஜெல்லேட் முகம் இங்கே முழுசாக இருக்கிறது. கலிபோர்னியாவின் சார்லஸ் கோஃபாய்டு 1920-ல், வளர்ந்த உருண்டையின் பள்ளத்திலும் பழைய வாய்க்கால்களின் மிச்சம் இருப்பதைக் கண்டு, சிஸ்டோஃபிளாஜெல்லேட்டா என்ற பிரிவே வேண்டாம், இது டைனோஃபிளாஜெல்லேட்தான் என்று வாதிட்டார். மறு ஆண்டு ஆலிவ் ஸ்வீசியோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில்தான் நாக்டிலூகா சின்டிலான்ஸ் என்ற பெயர் நிலைபெற்றது. மக்கார்ட்னி வைத்த பின்பெயர் தங்கியது, ஜெல்லி மீன் போயிற்று.

கண்மாய்க் கரையில் வளர்ந்த எவருக்கும் இதில் ஒரு பாடம் ஏற்கெனவே தெரியும். தலைப்பிரட்டையை மட்டும் பார்த்தவர் அதை மீனோடு சேர்ப்பார். தவளையை மட்டும் பார்த்தவர் அதற்கு வால் இருந்ததை நம்ப மாட்டார். வித்தியாசம் ஒன்றுதான்: தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதைச் சிறு பிள்ளையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். கடலின் ஒற்றைச் செல்லை அப்படித் தொடர்ந்து பார்க்க முடியாது. ஒரு பருவம் மேல்நீரில், இன்னொரு பருவம் சேற்றில், இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி. இரண்டும் ஒரே உயிர் என்று சொல்ல யாராவது பிரசவம் பார்க்க வேண்டும்.

மரபணு இதில் என்ன சொல்லிற்று? ரைபோசோம் மரபணுவை மட்டும் வைத்து முதலில் வரைந்த வம்ச மரங்களில் நாக்டிலூகா ஒரு மரத்தில் அடிக்கிளையிலும் இன்னொரு மரத்தில் நடுவிலும் வந்து குழப்பியது. 2017-ல் யான் யானோஷ்கோவெட்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு மரபணுவை நம்பாமல், பல இனங்களின் ஆர்.என்.ஏ. தொகுதியை மொத்தமாகப் படித்து, பல மரபணுக்களை ஒருசேர வைத்து மரம் வரைந்தார்கள். நாக்டிலூகா டைனோஃபிளாஜெல்லேட் பரம்பரையில் வெகு முன்பே பிரிந்த கிளை என்று அதில் வந்தது. செல்லுலோஸ் கவசம் பலமுறை தோன்றியதல்ல, ஒரே முறைதான் தோன்றியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கோஃபாய்டு நுண்ணோக்கியில் கண்டதை மரபணு ஆமோதித்தது. எந்த இடத்தில் வைப்பது என்பதை அது சேர்த்துச் சொன்னது.

பூங்கோரையின் பச்சை நாக்டிலூகாவின் சொந்த நிறமல்ல. உருண்டைக்குள் ஆயிரக்கணக்கில் நீந்தும் குடித்தன உயிரின் நிறம் அது. உலகின் குளிர்ந்த கடல்களில் நாக்டிலூகா செம்மை நிறம். உள்ளே யாரும் இல்லை, பிடித்துத் தின்று மட்டும் வாழ்கிறது. நம் வெப்பக் கடல்களில் அது தின்னவும் செய்யும், உள்ளே இருப்பவை ஒளியில் சமைத்ததை வாங்கியும் கொள்ளும். இந்தக் குடித்தனத்தை விவரித்துப் பெயர் வைத்தவர் நம்மவர்: இரா. சுப்பிரமணியன். கோழிக்கோட்டுக் கடல் பச்சையானபோது அந்த நீரை ஆராய்ந்து, நாக்டிலூகாவுக்குள் நீந்தும் பச்சைச் செல்லுக்கு 1954-ல் புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே என்று பேரினமும் சிற்றினமும் புதிதாக வைத்தார். அது யூக்ளினா கூட்டத்தின் பழைய உறுப்பினர் என்பது அவர் கருத்து. 1976-ல் அமெரிக்காவின் பியட்ரிஸ் ஸ்வீனி, தென்கிழக்கு ஆசியக் கடலில் எடுத்த செல்களை ஆராய்ந்து, இது யூக்ளினா கூட்டமல்ல, பச்சைப் பாசிக் கூட்டம் என்று காட்டி, பெடினோமோனாஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். சுப்பிரமணியன் வைத்த பேரினப் பெயர் நாற்பது ஆண்டு கிடப்பில் கிடந்தது.

2016-ல் வாங் முதலியோர் அந்தப் பச்சைச் செல்லின் மூன்று மரபணுக்களைப் படித்தார்கள். ஸ்வீனி சொன்னபடி அது பச்சைப் பாசிதான். ஆனால் பெடினோமோனாஸ் அல்ல, அதிலிருந்து தள்ளி வேறு வரிசையில் நிற்கிறது. தனிப் பேரினமாக இருந்தால் ஏற்கெனவே ஒரு பெயர் காத்திருக்கிறதே! விதிப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே மீண்டும் வந்தது. யூக்ளினாவின் உறவு என்ற கருத்து தவறிப்போனாலும், இது தனிப் பேரினம் என்ற அவருடைய கணிப்பு நின்றது. நுண்ணோக்கியும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒருவர் 1954-ல் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர் மீது அளவில்லாத மரியாதை வருகிறது. தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் வர வேண்டும்.

*

இனி சேற்றுக்கு இறங்குவோம். இந்த உயிர்களின் வாழ்வில் பாதி அங்கேதான் மறைந்திருந்தது.

1830-களில் பெர்லினில் கிறிஸ்டியன் எஹ்ரன்பெர்க் தீக்கல்லை மெல்லிய சில்லாக உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே முள்முள்ளாக உருண்டைகள். நன்னீர்ப் பாசி ஒன்றின் வித்து என்று நினைத்தார். பிறகு வந்தவர்கள் அவற்றை ஹிஸ்ட்ரிக்கோஸ்பியர் என்று அழைத்து, என்னவென்றே தெரியாமல் நூற்றுக்கணக்கில் பெயரிட்டுக் குவித்தார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்கு அவை பாறையின் வயதைச் சொல்லும் அடையாளங்களாகப் பயன்பட்டன. உயிர் எது என்ற கவலை இல்லை. 1961-ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் வில்லியம் எவிட் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். பல உருண்டைகளில் ஒரு துளை இருந்தது. துளை கண்டபடி உடைந்ததல்ல. விளிம்பு நேர்த்தியாக, எப்போதும் ஒரே இடத்தில், டைனோஃபிளாஜெல்லேட் கவசத்தின் ஒரு குறிப்பிட்ட தட்டின் வடிவத்தில் இருந்தது. உள்ளிருந்து ஏதோ கதவைத் திறந்துகொண்டு வெளியேறியிருக்கிறது. அப்படியானால் இவை டைனோஃபிளாஜெல்லேட்டின் உறக்கக் கூடுகள். அறிவியலில் இதை சிஸ்ட் என்பார்கள். இரண்டு பாலணுக்கள் கூடியபின் உருவாகும் செல், கெட்டியான சுவரை எழுப்பிக்கொண்டு அடியில் படிந்து, காலம் வரும்வரை உறங்கும்.

வாதம் நன்றாக இருந்தது. பிரசவம் பார்த்தவர் இல்லை. அதைச் செய்தவர்கள் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் டேவிட் வாலும் பேரி டேலும். கடலடிச் சேற்றைச் சலித்து, உயிருள்ள சிஸ்டுகளை ஒவ்வொன்றாக நுண்குழாயில் உறிஞ்சி, தனித்தனிக் கிண்ணத்தில் வடிகட்டிய கடல்நீரில் விட்டு, வெளிச்சத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே இருப்பது மெல்ல அசையும், கதவு திறக்கும், மென்மையான ஒரு செல் பிதுங்கி வந்து, கசையிழையை விரித்து நீந்தத் தொடங்கும். பிறகு அதன் மேல் கவசத் தட்டுகள் தெளியும். தட்டுகளை எண்ணி இது இன்ன இனம் என்று சொல்லிவிடலாம். காலியான கூடு கிண்ணத்தின் அடியில் கிடக்கும். அதை எடுத்து புதைபடிவப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் அதற்கும் ஒரு பெயர் கிடைக்கும். 1968-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு துறையையே உலுக்கியது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன: நீந்துவதை ஆராய்ந்த உயிரியலார் வைத்தது ஒன்று, கூட்டை ஆராய்ந்த நிலவியலார் வைத்தது இன்னொன்று. அதைவிடச் சங்கடம், கோனியாலாக்ஸ் ஸ்பைனிஃபெரா என்று ஒரே பெயரில் அழைத்த நீந்தும் செல்கள் ஒன்றுக்கொன்று வேறான பல வகைக் கூடுகளிலிருந்து வெளிவந்தன.

அப்படியென்றால் கோனியாலாக்ஸ் ஸ்பைனிஃபெரா ஒரு இனமா, பலவா? கவசத்தைப் பார்த்தால் ஒன்று. கூட்டைப் பார்த்தால் பல. இங்கேதான் மரபணு அவசியமாகிறது. ஒரு சிஸ்டைக் குஞ்சு பொரிக்க வைத்து, வெளிவந்த செல்லைப் படமெடுத்து, அதே செல்லை உடைத்து அதன் ரைபோசோம் மரபணுத் துண்டைப் பெருக்கிப் படிக்கலாம். கூடு, கவசம், மரபணு மூன்றும் ஒரே உயிரிடமிருந்து கிடைத்துவிடுகின்றன. அடுத்தமுறை சேற்றில் மரபணுத் துண்டு மட்டும் கிடைத்தாலும் யாருடையது என்று சொல்லலாம். வெவ்வேறு கூட்டிலிருந்து வந்தவை மரபணுவிலும் வெவ்வேறு என்று ஒவ்வொன்றாகத் தெரியவரவே, பழைய ஸ்பைனிஃபெராவிலிருந்து புதிய இனங்கள் பிரிக்கப்பட்டு வருகின்றன.

இந்தச் சிஸ்டுகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? ஸ்வீடனின் கோல்யோ ஃபியோர்டில் ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றிலிருந்து எடுத்த சிஸ்டுகள் ஏறத்தாழ நூறு ஆண்டு உறக்கத்துக்குப் பின் விழித்து நீந்தியதை 2011-ல் சொன்னார்கள். அந்த இனத்தின் பெயர் பென்டாஃபார்சோடினியம் டாலெய், பேரி டேலின் பெயரால் வந்தது. இந்தியாவில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் தீரஜ் நராலே, ஜகதீஷ் பாட்டீல், ஏ.சி. அனில் ஆகியோர் 2013-ல் தென்கிழக்குக் கடலோரத்துச் சேற்றில் எந்தெந்தச் சிஸ்டுகள் எங்கே படிந்திருக்கின்றன என்று வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறைக்கிறது: மேல்நீரில் வலை வீசிப் பார்க்கும் நாளில் ஒன்றுகூட இல்லாத இனம், அடியில் வருங்காலத்துக்காக உட்கார்ந்திருக்கலாம்.

*

பெயர் சரியாக இருப்பது உயிர் காக்கும் விஷயமாகிற இடம் ஒன்று உண்டு. 1981-ல் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்; மூன்று பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் தின்றவர்களில் ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். உதடு மரத்து, கை கால் மரத்து, முற்றினால் மூச்சு நிற்கும். நஞ்சு மட்டியே செய்ததல்ல. மட்டி வடிகட்டித் தின்ற நுண்ணுயிரில் இருக்கிறது. சாக்சிடாக்சின் என்ற அந்த நஞ்சைச் செய்பவற்றில் முக்கியமானது அலெக்சாண்ட்ரியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட் பேரினம். சமைத்தாலும் நஞ்சு போகாது.

அலெக்சாண்ட்ரியத்தில் மூன்று இனங்களை உருவத்தால் பிரித்து வந்தார்கள். முன்பக்கத் தட்டில் நுண்துளை இருந்தால் டாமரென்சே. துளை இல்லாமல் செல்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் கேட்டனெல்லா. துளையும் சங்கிலியும் இல்லாவிட்டால் ஃபண்டியென்சே. ஆனால் டாமரென்சே ஓரிடத்தில் நஞ்சாக இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. மீன்வளத் துறைக்கு இது பெரிய தலைவலி. 1990-களில் ரைபோசோம் மரபணுவைப் படித்தபோது ஐந்து குழுக்கள் தெளிவாக வந்தன. அந்தக் குழுக்கள் துளைக்கும் சங்கிலிக்கும் கட்டுப்படவே இல்லை. ஒரே குழுவில் மூன்று உருவமும் கலந்து கிடந்தன.

மரபணு வேறு என்பதால் மட்டும் இனம் வேறு ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை வாழ்க்கைச் சுற்றிலிருந்து வந்தது. வுட்ஸ் ஹோலின் மைக்கேல் பிராஸ்னஹனும் டொனால்ட் ஆண்டர்சனும் மற்றவர்களும், நஞ்சுள்ள முதல் குழுவையும் நஞ்சில்லாத மூன்றாம் குழுவையும் ஒரே பாத்திரத்தில் இட்டுக் கலப்பு நடக்கிறதா என்று பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு எதிர்பாராதது. இரண்டும் கூடின, கலப்புச் சிஸ்டும் செய்தன. சிஸ்ட் செய்ததோடு நின்றிருந்தால் இரண்டும் ஒரே இனம் என்றே முடிவு செய்திருப்பார்கள். ஆனால் அவற்றிலிருந்து வெளிவந்தவை தழைக்காமல் மடிந்தன. கூடலாம், கூடு கட்டலாம், சந்ததி இல்லை. இதையெல்லாம் சேர்த்து வைத்து 2014-ல் ஊவே யோன் தலைமையிலான குழு ஐந்து குழுக்களையும் ஐந்து இனங்களாக முறைப்படி அறிவித்தது. எந்த இனத்துக்கு எந்தப் பழைய பெயர் உரியது என்ற சர்ச்சை அதன் பிறகும் சில ஆண்டு ஓடிற்று. முதல் குழுவை இன்று கேட்டனெல்லா என்கிறோம். பெயர்ச் சண்டை சலிப்பூட்டும். ஆனால் எந்தக் குழு நஞ்சு செய்யும் என்பது இப்போது இனத்தின் பெயரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 2011-ல் டைனோஃபிளாஜெல்லேட்டுகளிலும் சாக்சிடாக்சின் தயாரிக்கும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதால், நீரில் அந்த மரபணு இருக்கிறதா என்றே நேரடியாகச் சோதிக்க முடிகிறது.

வாழ்க்கைச் சுற்றை மரபணு இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஃபீஸ்டீரியா கதை சாட்சி. 1992-ல் வட கரோலைனாவின் கழிமுகங்களில் மீன் கூட்டம் கூட்டமாகச் சாவதற்கு ஒரு புதிய டைனோஃபிளாஜெல்லேட் காரணம் என்று அறிவித்தார்கள். அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட பருவங்கள் உண்டு, அமீபாவாகவும் மாறும் என்று வரைபடம் வந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. வெய்ன் லிட்டேக்கர் குழு 2002-ல் அந்த உயிரின் மரபணுவில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைத் தயாரித்து ஒவ்வொரு பருவத்திலும் ஏற்றிப் பார்த்தது. நீந்தும் செல்லும் சிஸ்டும் ஒளிர்ந்தன. அமீபாக்கள் ஒளிரவில்லை, அவை அதே தொட்டியில் வாழ்ந்த வேறு உயிர்கள். எஞ்சியது மற்ற டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கு இருக்கும் சாதாரண வாழ்க்கைச் சுற்றுத்தான்.

மரபணுவிலும் இடர் இருக்கிறது. டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் மரபுத்தொகுதி பூதாகரமானது. மனிதனுடையது சுமார் 300 கோடி எழுத்து என்றால், இவற்றில் சிலவற்றுக்கு அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் உண்டு. முழுசாகப் படிப்பது செலவும் சிக்கலும் மிக்க வேலை. அதனால் பெரும்பாலும் ரைபோசோம் மரபணுவின் இரண்டொரு துண்டுகளை வைத்தே வேலை நடக்கிறது. ஐ.டி.எஸ். என்ற துண்டில் நூற்றுக்கு நான்கு எழுத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு இனமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2007-ல் லிட்டேக்கரும் மற்றவர்களும் ஒரு அளவுகோல் தந்தார்கள். பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் ஒரே செல்லுக்குள் இந்த மரபணு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கும். பிரதிக்குப் பிரதி எழுத்து மாறுவதும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து இனம் பிரிப்பவர் ஒரே உயிரை இரண்டாக்கிவிடக் கூடும். உருவத்தின் மேல் இருந்த குருட்டு நம்பிக்கையை எடுத்து எழுத்துக்கணக்கின் மேல் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2019-ல் மண்டபம் பக்கத்தில் பூங்கோரையால் செத்த பவளத்துக்குள்ளும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள்தான் குடியிருந்தன. பவளத் திசுவுக்குள் அவை கசையிழை இல்லாத பழுப்பு உருண்டைகள். வெளியே வந்தால்தான் நீந்தும் உருவம் கொள்ளும். உள்ளிருக்கும் உருண்டைகளெல்லாம் ஒன்றுபோல் தெரிந்ததால், 1962-ல் சிம்பயோடினியம் மைக்ரோஅட்ரியாட்டிக்கம் என்று பெயரிட்ட பிறகு நெடுங்காலம் உலகத்துப் பவளங்களுக்கெல்லாம் ஒரே விருந்தாளி என்றுதான் பலரும் கருதினார்கள். 1991-ல் ராப் ரோவனும் டென்னிஸ் பவர்ஸும் மரபணுவைப் பார்த்தபோது ஒரே உருண்டைத் தோற்றத்துக்குள் வெகு தூரத்து உறவினர்கள் ஒளிந்திருந்தார்கள். டாட் லாஜ்யூனெஸ் குழு 2018-ல் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தது. பரம்பரையின் வயதும் சுமார் 16 கோடி ஆண்டு என்று பின்னோக்கிப் போயிற்று. எந்தப் பவளம் கோடை வெப்பத்தில் வெளுக்கும், எது தாங்கும் என்பதில் உள்ளே இருப்பது எந்தப் பேரினம் என்பதற்கும் பங்கு உண்டு.

*

நன்னீரிலும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் உண்டு என்பதால் வத்தலக்குண்டு வாசகர் கடற்கரைக்குப் போயாக வேண்டிய கட்டாயமில்லை. பெரிடினியமும் செராசியமும் குளங்களிலும் அணைகளிலும் வாழ்பவை. செராசியத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது: மேலே ஒரு நீண்ட கொம்பு, கீழே இரண்டு அல்லது மூன்று கொம்பு, நடுவே இடுப்பு வாய்க்கால். சுப்பிரமணியன் 1968-ல் இந்தியக் கடல்களின் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் பற்றி எழுதிய பெருநூலின் முதல் பகுதி முழுக்கச் செராசியத்துக்கே ஒதுக்கப்பட்டது. அடுத்த பகுதி 1971-ல் வந்தது. கொம்பின் நீளத்தையும் வளைவையும் வைத்து எத்தனையோ வகைகளை அதில் வரைந்திருக்கிறார். அதே காலத்தில் ஜெர்மனியின் வான் ஸ்டோஷ், சில செராசியங்களில் குள்ளமாகத் தெரிந்தவை தனி வகைகள் அல்ல, ஆண் பாலணுக்கள் என்று வளர்ப்புக் கிண்ணத்தில் கண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

2010-ல் ஃபெர்னாண்டோ கோமெஸும் உடன் பணிபுரிந்தவர்களும் கடல் செராசியங்களின் மரபணுவை நன்னீர்ச் செராசியத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. கவசத்தைத் திரும்ப எண்ணியபோது இடுப்பு வாய்க்காலில் நன்னீர் வகைக்கு ஆறு தட்டு, கடல் வகைக்கு ஐந்து. செராசியம் என்ற பெயருக்கு உரிமை நன்னீர் வகைக்குத்தான் என்பதால் கடல் வகைகள் அனைத்தும் பெயர் மாறின. இன்று அவை டிரைபோஸ். சுப்பிரமணியனின் 1968 நூலில் உள்ள கடல் செராசியங்களும் இப்போது டிரைபோஸ்தான். ஒவ்வொன்றின் வடிவத்தையும் அவர் தெளிவாக வரைந்து வைத்திருப்பதால், எந்தப் பழைய பெயர் எந்தப் புதிய பெயருக்குப் போகிறது என்று ஒப்பிட அந்த நூல் இன்றும் உதவுகிறது.

மருதாநதி அணையிலோ ஊர்க் கண்மாயிலோ தெளிந்த நீரை மெல்லிய துணியில் பலமுறை வடித்து, துணியில் நின்றதைச் சில துளி நீரில் அலசி, பள்ளி நுண்ணோக்கியில் நானூறு மடங்குப் பெருக்கத்தில் பார்த்தால் போதும். செராசியம் இருந்தால் கொம்பே காட்டிக்கொடுக்கும். அடிச்சேற்றில் அதன் சிஸ்டையும் தேடலாம். அதற்கும் கொம்பு உண்டு. தட்டுகளை எண்ண வேண்டுமானால் கால்கோஃப்ளூர் ஒயிட் என்ற சாயமும் ஒளிரும் நுண்ணோக்கியும் வேண்டும். அந்தச் சாயம் செல்லுலோஸில் ஏறி, தட்டுகளின் எல்லைகளை நீலத்தில் காட்டும். இடுப்பைச் சுற்றி மெதுவாகச் செல்லைத் திருப்பி எண்ணிக்கொண்டே வர வேண்டும். நம் கண்மாயில் எடுத்ததென்றால் கணக்கு ஆறில் நிற்கும்.